வேலாங்குறிச்சி எங்கே, எத்தனை பேர்?

முன்னொரு காலத்தில், மழை பொய்த்த ஓர் ஆண்டில், ஒரு ராஜாவுக்குத் தன் நாட்டைத் துணியில் படமாக எழுதிப் பார்க்கும் ஆசை வந்தது. ஓவியர்கள் எழுதி முடித்தார்கள். வடமேற்கு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலம் வெறுமையாகக் கிடந்தது.

"அங்கே என்ன இருக்கிறது?" என்றார் ராஜா.

பிரதானி விசயராயர் எழுந்தார். "வேலாங்குறிச்சி என்றொரு சிற்றூர், பிரபு. அது எங்கே இருக்கிறது, எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதை நம் விகடகவி ஆவுடையப்பர் அறிந்து வரட்டும். ஒரு தலை பிசகினாலும் அவர் இந்தச் சபையை மிதிக்கலாகாது."

ராஜாவுக்கு அந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. பத்து நாள் தவணை கொடுத்தார்.

ஆவுடையப்பர் மறுத்துப் பேசவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒருவரைச் சிரிக்கவைத்தே காலம் தள்ளியவருக்கு மறுப்பதும் அலுப்பாக இருந்தது. முழங்கால் வலியோடு நான்கு நாள் நடந்தார்.

ஊரென்று பதினோரு குடிசைகள். கிணற்றில் சேறுதான். எண்ணினார். நாற்பத்து மூன்று பேர்.

புருஷன் போனபின் ஊர்க் காரியங்களைப் பார்த்துவந்த ஒச்சம்மாள் சொன்னாள்: "எண்ணி என்ன சாமி செய்யப்போறீங்க? தண்ணியில்லாம நாங்களே மூட்டை கட்டுறோம். நேத்து பிரதானியோட குதிரைக்காரங்க வந்தாங்க. நீங்க எண்ணிட்டுப் போனதும் நாலு ஆம்பளைங்கள வேலைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்."

எண்ணிக்கையைப் பிசகவைக்கும் பிரதானியின் சூது விளங்கிவிட்டது. ஆவுடையப்பருக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து வெகுநேரம் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"எப்படியும் கிளம்பத்தானே போகிறீர்கள்? எல்லாரும் என்னோடு வந்துவிடுங்கள்" என்றார் கடைசியில்.

"எங்க?"

"தண்ணீர் இருக்கிற இடத்துக்கு."

பத்தாம் நாள் சபை கூடியது. "வேலாங்குறிச்சி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் ராஜா.

"கோட்டை வாசலுக்கு வெளியே, பிரபு. ராஜகுளத்துக் கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. நாற்பத்து மூன்று பேர். ஐயமிருந்தால் பிரதானியாரே எண்ணிக்கொள்ளலாம்."

போய் எண்ணிவிட்டு வந்த பிரதானியின் முகம் கறுத்திருந்தது. "எண்ணிக்கை சரிதான், பிரபு. ஆனால் ஊர் என்பது மண். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது."

"மண்தான் ஊரென்றால் அங்கே வாழ்பவர் ஒருவருமில்லை" என்றார் ஆவுடையப்பர். "பிரதானியார் அதையும் போய் எண்ணி வரட்டும். மனிதர்தான் ஊரென்றால், இதோ வாசலில் நிற்கிறது. எப்படிப் பார்த்தாலும் படத்தின் மூலை வெறுமைதான், பிரபு. கிணறு வறண்டு ஆறு மாதமாகிறது."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிணறு வெட்டுகிறவர்களை அழைத்துவர ஆளனுப்பினார்.

"பிரதானியார் முன்னே நடக்கட்டும். வழி அவருடைய குதிரைக்காரர்களுக்குத் தெரியுமாம், ஊர்க்காரர்கள் வாசலில் சொன்னதாகக் காவலர்கள் தெரிவித்தார்கள். ஊற்றுக் கண் திறக்கும்வரை அவர் அங்கேயே இருக்கட்டும். ஆவுடையப்பரே, உமக்கு என்ன வேண்டும்?"

தூணில் சாய்ந்தபடியே ஆவுடையப்பர் உறங்கிப்போயிருந்தார். எழுப்பப்போன சேவகனைக் கையமர்த்திவிட்டு, ராஜா சத்தம் வராமல் சிரித்தார். தம் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து, புழுதி படிந்த அந்தக் கால்களின் மேல் தாமே போர்த்திவிட்டார்.