நாற்பது நாளாய் ஒரு கேள்வி இல்லை

"டீச்சர், எம் பொண்ணு கேள்வி கேக்கறத நிறுத்திட்டாளுங்க."

வந்ததும் வராததுமாக மயில்சாமி சொன்னது இதுதான். வண்டிச் சாவியைக்கூட இன்னும் பையில் போடவில்லை.

கோபி ஊருக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டி ஒரு நர்சரி. பிள்ளைகளைச் சேர்க்கிற நர்சரி இல்லை, செடி விற்கிற நர்சரி. அதை நடத்துகிற தெய்வானைக்கு முப்பத்தைந்து வயது. மயில்சாமியைவிடப் பத்து வயது சின்னவள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியவள் இல்லை. தன் பையன்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கு அனுப்பாமல் இந்தச் செடிகளுக்கு நடுவிலேயே படிக்க வைக்கிறாள், அவ்வளவுதான். ஆனாலும் பிள்ளையை வீட்டோடு வைத்துப் படிக்க வைக்கிற அந்தப் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் அவள்தான் டீச்சர்.

"எத்தனை நாளாச்சுங்க?" மண் கலந்துகொண்டே கேட்டாள்.

"நாப்பது. எண்ணிட்டு வர்றேன்."

மகள் அமுதினிக்கு ஒன்பது வயது. கொஞ்சம் தள்ளி, செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துல கேள்வி கேட்டா 'உக்காரு'ம்பாங்கன்னுதானுங்க வீட்டோட வெச்சேன். இப்ப இவ வாயத் தொறக்க மாட்டேங்கறா. என்னன்னு கேட்டா, 'ஒண்ணுமில்லப்பா.' வேற வார்த்தையே இல்ல. நெஞ்சு பதறுதுங்க."

"நீங்க என்ன பண்றீங்க?"

கேட்டதுதான் தாமதம், மனுஷன் மடை திறந்துவிட்டார். பையிலிருந்து மூன்று ஃபைல் வெளியே வந்தது. நூலகத்தில் எடுத்த புத்தகங்களின் பட்டியல். அணைக்கட்டு, ரயில் நிலையம், எண்ணெய்ச் செக்கு என்று போய்வந்த இடங்களின் படங்கள். காகிதத்தில் ஒட்டியது, கொட்டாங்குச்சியில் செய்தது, எல்லாவற்றுக்கும் தேதி வேறு.

"இது எறும்புங்க. 'எறும்பு ஏம்ப்பா வரிசையாப் போகுது?'ன்னு ஒரு நாள் கேட்டா. 'அருமையான கேள்வி!'ன்னு கை தட்டி, அன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன். மூணு வாரம்! எறும்புப் புத்தகம், எறும்பு பாக்கத் தோப்பு, களிமண்ணுல எறும்பு, எறும்புப் பாட்டு. எதையாச்சும் விட்டிருப்பேனா?"

விடவில்லை. சத்தியமாக ஒன்றையும் விடவில்லை.

தெய்வானை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். ஃபைலை மூடி அவரிடமே கொடுத்தாள்.

பேச்சு நின்றதும் மயில்சாமிக்குக் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்திலிருந்த எலுமிச்சங்கன்றின் இலையைத் தொட்டார்.

"ஏனுங்க, இதுல இத்தனை ஓட்டை?"

சும்மா கேட்டதுதான்.

"அருமையான கேள்விங்க!" தெய்வானை கை தட்டினாள். மண் தெறித்தது.

உள்ளே போனாள். தலையணை மொத்தத்துக்கு ஒரு பூச்சிப் புத்தகத்தோடு வந்தாள்.

"இருபத்தேழாம் பக்கத்துல இருந்து முப்பத்தொண்ணு வரைக்கும். சத்தமாப் படிங்க."

"இல்லீங்க, நான் சும்மா…"

"சத்தமா."

படித்தார்.

அடுத்து வாய்க்கால் மேட்டுக்கு ஒரு நடை. பத்து விதமான ஓட்டை இலை பொறுக்கச் சொன்னாள். ஒன்பதுதான் கிடைத்தது. பத்தாவதுக்காக அந்த வெயிலில் இன்னொரு சுற்று. திரும்பி வந்ததும் களிமண் உருண்டை ஒன்றைக் கையில் திணித்தாள். புழு செய்ய வேண்டுமாம். செய்தார். கால் குறைகிறது என்று மறுபடியும் செய்ய வைத்தாள்.

"இப்படிப் பாருங்க. புழுவைக் கொஞ்சம் மேல தூக்குங்க. சிரிங்க."

போனில் ஒரு படம்.

"இன்னிக்கு என்ன கத்துக்கிட்டோம்னு அஞ்சு வரி எழுதிக் குடுங்க."

எழுதினார், பாவம். வேர்வை காகிதத்தில் சொட்டியது. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது, வயிறு கத்தியது. அந்த ஓட்டை எப்படி விழுந்தால் என்ன, விழாமல் போனால்தான் என்ன! எலுமிச்சங்கன்றின் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

செங்கல் அடுக்கின் மேல் அமுதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தெய்வானை பூவாளியை எடுத்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற நடந்தாள். வாசலுக்கு நடுவில் ஒரு மண்தொட்டி கவிழ்ந்து கிடந்தது, விளிம்பில் கொஞ்சம் உடைந்திருந்தது. அதைத் தாண்டும்போது அவள் குனிந்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போதும் இரண்டு தட்டு.

இதென்ன கூத்து?

மயில்சாமிக்கு வாய் திறந்தது. கண் அந்தத் தலையணைப் புத்தகத்தின் மேல் விழுந்தது. அதற்குப் பக்கத்திலேயே மீதிக் களிமண்.

வாயை மூடிக்கொண்டார்.

"என்னமோ கேக்க வந்தீங்களாட்ட இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க."

சொல்லி வாய் மூடவில்லை, அந்த வார்த்தை அவரையே சுருக்கென்று குத்தியது. மெல்ல மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது நாள். அடக் கடவுளே, நாற்பது நாள்!

தெய்வானை மறுபடியும் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

அமுதினி இறங்கி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் சட்டையில் காய்ந்திருந்த களிமண்ணை நகத்தால் சுரண்டினாள்.

"அப்பா."

"என்ன அம்மிணி?"

ஃபைல் இருந்த பையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். தயங்கினாள்.

"அந்தத் தொட்டிய ஏம்ப்பா தட்டிட்டுப் போறாங்க?"

'அருமையான' வரைக்கும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கையும் தன்னால் பைக்குள் போய்விட்டது, கேள்வி குறித்துவைக்கிற நோட்டு விரலில் பட்டது. கையை வெளியே இழுத்தார். தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"தெரியலியே அம்மிணி. எனக்கும் அதே ரோசனைதான்."

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். புத்தகம் வரவில்லை. கைதட்டலும் வரவில்லை.

"அத்தே! அந்தத் தொட்டிக்குள்ள என்ன இருக்குது?"

"தவளை குடியிருக்குது கண்ணு," என்றாள் தெய்வானை, திரும்பாமலே. "'பயப்படாத, நான்தான்'னு அதுக்குச் சொல்லிட்டுப் போறேன்."

அவ்வளவுதான். பூவாளி அடுத்த செடிக்குப் போய்விட்டது.

அமுதினி எழுந்து போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். உடைந்த விளிம்பில் காதை வைத்துப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"அப்பா, தவளைக்குத்தான் காதே இல்லியே? தட்டுனா அதுக்கு எப்படிக் கேக்கும்?"

மயில்சாமி பையை அங்கேயே விட்டுவிட்டு வந்து, மகளுக்குப் பக்கத்தில் மண்ணில் மண்டி போட்டார்.

"அதானே!" என்றார்.