வடமலையான் காலுக்குப் பத்தாத கழல்

மஞ்சளாறு பாயுற சீமையை முன்னொரு காலத்துல கண்டராயன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. கெட்டவர்னு சொல்லிட முடியாது. ஆனா மனசு ஒரு நிலையில நிக்காது. யானையை அலங்கரிக்கச் சொல்லுவாரு, அலங்கரிச்சு முடிக்கிறதுக்குள்ள பல்லக்கைக் கொண்டாம்பாரு.

அந்தச் சீமையில தசராவுக்குத் தசரா குத்துச்சண்டை நடக்கும். முட்டியில துணியைச் சுத்திக்கிட்டுக் கோதாவுல இறங்கினா, ஒருத்தன் மண்ணைக் கவ்வுற வரைக்கும் விடமாட்டாங்க. எதிர்த்து நிக்க ஆளே இல்லாதபடி ஜெயிக்கிறவனுக்குத் தங்கத்துல வீரக்கழல். ராஜாவோட தாத்தா காலத்துல இருந்த வடமலையான்ங்கிற வீரர் காலுக்குன்னு அளவெடுத்து அடிச்சது அது. அவருக்கப்புறம் அதை மாட்டிக்க ஒருத்தருக்கும் யோகம் இல்ல, பெட்டியிலேயே கிடந்துச்சு.

அந்த வருஷம் உப்பு வண்டிக்காரர் மகன் கொற்றன் வந்த அத்தனை பேரையும் உருட்டிவிட்டான். அதுல அரண்மனைக் காரியம் பார்க்கிற வரகுணராயரோட அக்கா மகனும் ஒருத்தன். ஒரே குத்துதான், பய எந்திரிக்கவே இல்ல. ராயருக்கு வயிறு பத்தி எரியாம என்ன செய்யும்?

மறுநாள் சபையில ராஜா கழலை எடுத்ததும் ராயர் தொண்டையைக் கனைச்சாரு.

"மகாராஜா, பெரியவர் வடமலையான் போட்ட கழல் அது. இந்தப் பொடியனும் அவரும் ஒண்ணா?"

ராஜாவுக்குப் புத்தி அந்தப் பக்கம் பாஞ்சிருச்சு. "அட, ஆமா! ரெண்டு பேரும் மோதினா யார் ஜெயிப்பாங்க?"

"ஒருத்தர் செத்துப் போயிட்டாரே மகாராஜா" என்றார் மந்திரி அம்பலவாணர்.

"அதனால என்ன ஓய்! மண்டபத்துல அவர் சிலை இருக்கே, ஆளை நிக்க வச்சு அச்சு அசலா அளவெடுத்துச் செஞ்ச சுதைச் சிலை. அளந்து பார்த்தாத் தெரிஞ்சுபோகுது!" என்றார் ராயர்.

ராஜா கையைத் தட்டினாரு. "பலே! கொற்றா, உன் கை அவர் கைக்குச் சமமா இருந்தா கழல் உனக்கு. இல்லைன்னா, தகுதியில்லாம ஆசைப்பட்டதுக்கு நீ நாட்டை விட்டே போயிடணும். சம்மதமா?"

சம்மதமான்னு ராஜா கேட்டா என்ன சொல்ல முடியும்? பாவம், கொற்றன் தலையை ஆட்டினான்.

மண்டபத்துல ராஜாவோட தாத்தா சிலையும் வடமலையான் சிலையும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. ராயர் கயித்தை எடுத்து வடமலையான் புஜத்தைச் சுத்தி அளந்து, அதே கயித்தைக் கொற்றன் புஜத்துல சுத்தினாரு. ஒண்ணரைச் சுத்து வந்துச்சு! சபையே கொல்லுன்னு சிரிச்சுது.

கொற்றன் கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. "அவர் எந்திரிச்சு வரட்டும் மகாராஜா, தோத்தாலும் சந்தோஷமாத் தோக்கிறேன். அவர்கிட்ட அடி வாங்கிச் சாகலாம். கயித்துக்கிட்ட தோத்து ஊரை விட்டுப் போகணுமா?"

அம்பலவாணர் சிலையோட பாதத்தைக் கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாரு. அப்புறம் கும்பிட்டாரு.

"ராயர் சொன்னது சரிதான் மகாராஜா. கொற்றன் போகட்டும். ஆனா கழல் உடையவர்கிட்டயே போய்ச் சேரணும் இல்லையா? வடமலையான் காலுலயே மாட்டிடுவோம். அந்தப் புண்ணியம் ராயருக்கே கிடைக்கட்டும்."

ராயருக்கு வாயெல்லாம் பல். சம்மணம் போட்டு உக்கார்ந்து, கழலோட கொக்கியைக் கழட்டி, சிலையோட கணுக்காலுல மாட்டினாரு. பூட்டிக்கல. இழுத்தாரு, நெரிச்சாரு. நாலு விரக்கடை இடைவெளி நிக்குது. வேர்த்து ஊத்துது மனுஷனுக்கு.

"என்ன ராயரே, அவர் வாழ்நாள் பூரா போட்ட கழல் அவருக்கே பத்தலையா?" என்றார் அம்பலவாணர்.

"அது... வந்து... சிலை கொஞ்சம்..."

"தசராவுக்குத் தசரா சிலைக்குச் சுண்ணாம்புச் சாந்து பூச வைக்கிறது யாரு?"

"நான்தான்."

"பழசைச் சுரண்டிட்டுப் பூசுவீங்களா?"

"பெரியவர் மேல கத்தி வைக்கிறதா? சிவ சிவா! மேலேயே பூசுறதுதான் வழக்கம்."

"கேட்டீங்களா மகாராஜா! செத்தவர் வருஷா வருஷம் சதை போட்டிருக்காரு!"

ராஜா விழுந்து விழுந்து சிரிச்சாரு. "சுரண்டுங்கடா!" கொத்தனார்கள் சுரண்டச் சுரண்டச் சாந்து பாளம் பாளமா விழுந்துச்சு. ஒட்டிக்கிடந்த விரல்கள் பிரிஞ்சுது, உடைஞ்ச மூக்கு தெரிஞ்சுது, கடைசியில பழைய கை வெளியே வந்துச்சு. கயித்தை வச்சுப் பார்த்தா கொற்றன் கை அளவேதான்!

"சரி அம்பலவாணரே, மோதினா யார் ஜெயிப்பாங்க?" ராஜா விடுறதா இல்ல.

"தெரியாது மகாராஜா. தன் காலத்துல எதிர்த்து வந்தவங்களை எல்லாம் அவர் ஜெயிச்சாரு. தன் காலத்துல வந்தவங்களை இவன் ஜெயிச்சான். அதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்?"

ராஜா சிரிப்பை நிறுத்திட்டாரு. மெதுவாத் திரும்பித் தாத்தா சிலையைப் பார்த்தாரு. முடிசூட்டின நாள்லேருந்து அந்தச் சிலையைத் தாண்டுறப்போ எல்லாம் அவருக்குத் தோள் தானாக் கூனிப்போகும், பாவம்.

"அம்பலவாணரே... இவருக்கும் பூசுறாங்களா?"

"பெரிய மகாராஜா இல்லையா? இவருக்கு ரெண்டு பூச்சு."

அவ்வளவுதான்! ராஜா கொத்தனார் கையில இருந்த கரண்டியைப் பிடுங்கித் தானே சுரண்ட ஆரம்பிச்சுட்டாரு. கிரீடமெல்லாம் சுண்ணாம்பு. தாத்தா தோள் வெளியே வந்ததும் பக்கத்துல போய் நிமிர்ந்து நின்னாரு. தோளும் தோளும் சமமா நின்னுச்சு! "பாருங்கடா, எல்லாரும் பாருங்க!"ன்னு ராஜா போட்ட சத்தம் கோட்டை வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

அந்தச் சுண்ணாம்புக் கையாலேயே கொற்றன் காலுல கழலை மாட்டினாரு. டக்குன்னு பூட்டிக்கிச்சு. அம்பலவாணருக்குத் தன் முத்துமாலையைக் கழட்டிப் போட்டாரு. ராயரைப் பார்த்து, "மிச்சத்தை நீரே சுரண்டும். துணைக்கு அக்கா மகனைக் கூப்பிட்டுக்கும், சும்மாதானே படுத்துக்கிடக்கான்" என்றாரு.

"கொற்றா, உனக்கும் ஒரு சிலை வைக்கிறேன். என்ன வேணும், கேள்!"

"கல்லுல வைங்க மகாராஜா. பூச்சே வேண்டாம். எனக்கப்புறம் ஒருத்தன் வருவான், அவன் என்கிட்ட மட்டும் மோதினாப் போதும்."

அப்படியே கல்லுல வச்சாங்க. மஞ்சளாத்துச் சீமையில கோதாவுல இறங்குற பசங்க இன்னைக்கும் அதோட தோளுக்குத் தோள் நின்னு பார்த்துட்டுத்தான் இறங்குறாங்களாம்.