தொட்டிக்குள் இருப்பவர்கள்

மாசிலாமணிக்கு வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருஷம் ஊருக்குக் குடிதண்ணீர் திறந்துவிட்டவர். தெருவில் இறங்கினால் நாலு பேராவது நின்று பேசுவார்கள். போன மாதம் அவரைச் சுடுகாட்டுக்கு அப்பால் இருக்கும் கழிவுநீர் நிலையத்துக்கு மாற்றினார்கள். அதோடு சரி.

"மாசி, கை கழுவிட்டுத்தானே கிளாஸைத் தொடுற?" என்றான் டீக்கடைக்காரன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தள்ளியும் உட்கார்ந்தார்கள்.

அங்கே வேலை கற்றுக்கொடுத்தவள் வேதவல்லி. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அதனாலென்ன, குரு குருதான்.

முதல் நாளே கேட்டார். "இங்க யாரு தாயி வருவாங்க?"

அவள் ஒரு கண்ணாடி ஜாடியைத் தொட்டியில் முக்கி எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அரை மணி நேரம் பாருங்கண்ணே."

பார்த்தார். பழுப்பாக ஏதோ அடியில் இறங்கியது. மேலே தண்ணீர் தெளிந்தது.

"சேறு தாயி."

"உசுரு. ஊர்க் கழிவைத் தின்னு தண்ணியைத் தெளிய வைக்குது." ஜாடியைத் தொட்டியிலேயே கவிழ்த்தாள். "காத்து மட்டும் விடாமக் குடுக்கணும். வேற எதுவும் கேக்காது."

ஒன்பது வருஷம் இங்கே தனியாக இருந்தால் யாருக்கும் புத்தி இப்படித்தான் போகும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வாரம் மகள் பூவிழி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையோடு வருகிறாளாம். அன்று அவருக்கு வேலை.

"அங்கயே வந்து காட்டிட்டுப் போறேம்ப்பா."

பேரனை அவர் இன்னும் பார்த்ததில்லை.

நாற்றத்துக்கு என்ன செய்வது? சனி, ஞாயிறு வேதவல்லிக்கு லீவு. சனிக்கிழமை அவர் மட்டும். முப்பது வருஷப் பழக்கம் கையில் இருந்தது. குடிதண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிற அதே பிளீச்சிங் பவுடர். அளந்தெல்லாம் போடவில்லை, மூட்டையையே தொட்டியில் கவிழ்த்தார். சாயங்காலம் நாற்றம் இல்லை. நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்தால் பிணவாடை. தொட்டி கறுத்து நுரைத்துக் கிடந்தது.

பத்து மணிக்குச் சாலையிலிருந்து போன். "என்னப்பா இது! புள்ள வாந்தி எடுக்குறான். நாங்க திரும்புறோம்."

கேட்டுக்கு ஓடினார். ஆட்டோவின் முதுகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை வேதவல்லி ஜாடியை முக்கினாள். அரை மணி ஆகியும் எதுவும் இறங்கவில்லை. மூலையில் கிடந்த காலி மூட்டையைப் பார்த்தாள்.

"செத்துப்போச்சா தாயி?"

"ம்."

திட்டவில்லை. பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து லாரியில் சேறு கொண்டுவந்து தொட்டியில் விட்டாள்.

"புதுசா வந்திருக்காங்க. பார்த்துக்குங்க."

மாசிலாமணி தொட்டியின் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். அடக்கி வைத்திருந்தது உடைந்தது.

"பேரன் முகத்தைக்கூடப் பாக்கலியே தாயி. எனக்குன்னு ஒரு ஆள் வரலியே. சாகிற வரைக்கும் ஒத்தையிலதான் போல…"

கரண்ட் போனது. காற்று ஊதும் மெஷின் இரைச்சல் இறங்கி நின்றது. அவர் கவனிக்கவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, மெஷின் சத்தம் கேக்குதா?"

"இல்லியே."

"உள்ள இருக்கிறவங்களுக்கு மூச்சு நிக்குது. வராதவங்களுக்கு அப்புறம் அழுதுக்கலாம். போய் ஜெனரேட்டரைப் போடுங்க."