இடுப்பில் கட்டிய கயிறு

கயிறு நழுவிவிட்டது.

முத்துக் குளித்த காலம் அது. ராஜா ஒருவர் ஆண்டார். அவரை விடுங்கள், அவருக்கு முத்து மட்டும்தான் வேண்டும். இங்கே கடலுக்கு அடியில் தொம்மை என்று ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறான். மேலே தோணியில் அவனுடைய கயிறு கஸ்பாரின் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

கஸ்பார் அதைக் காலால் மிதித்தான். முழங்காலைப் போட்டு அழுத்தினான். பல்லால் கடித்து இழுத்தான்.

தொம்மை மேலே வந்தான். மூக்கில் ரத்தம்.

“கயிறு ஏன் மச்சான் தொளதொளன்னு போச்சு?”

“நீரோட்டம் அத்தான்,” என்றான் கஸ்பார். பொய்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். குளிப்பவனின் கயிற்றை அவன் மனைவியோடு பிறந்தவன்தான் பிடிப்பான். தன் வீட்டுப் பெண் தாலியறுக்க எவன் விடுவான்? தொம்மைக்கு இருந்தது ஒரே மச்சான். அந்த மச்சானின் வலது கையில் போன மாரிக்காலத்தில் திருக்கை மீனின் முள் ஏறியது. காயம் ஆறியது, விரல்கள் மடங்கவில்லை. கஸ்பார் ஒருவரிடமும் சொல்லவில்லை. கையாலாகாதவன் என்று பெயரெடுக்க யாருக்கு ஆசை?

அன்று சாயங்காலம் கோவிலுக்குப் போய் முழங்காலிட்டான். “ஆண்டவரே, என் கையைத் திருப்பிக் கொடும்” என்று கேட்டான். விரல் அசையவில்லை. மறுபடியும் கேட்டான். அசையவில்லை. மூன்றாம் தரம் கேட்க வாயெடுத்தபோது சிலுவை கண்ணில் பட்டது. அங்கே தொங்கியவருடைய கைகளும் மடங்காத கைகள்தான். ஆணி அடித்த கைகள். அந்தக் கைகளை வைத்துக்கொண்டுதானே உலகத்தையே தூக்கினார்?

கஸ்பார் வேண்டுதலை மாற்றினான். “சரி, இந்தக் கையே இருக்கட்டும். நீர் கூட இரும்.”

மறுநாள் தோணியில் எல்லார் முன்னாலும் கையை நீட்டிக் காட்டினான்.

“இது செத்த கை. நேத்து நீரோட்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான்தான் கயித்த விட்டேன்.”

தோணியே சிரித்தது. தோணிக்குத் தலைவன் தண்டல் மனுவேல். “அப்ப உங்க ஆத்தாள இன்னொரு தம்பியப் பெத்துத் தரச் சொல்லுடா!” என்றான் அவன்.

தொம்மை சிரிக்கவில்லை. “வேற வழி இருந்தாச் சொல்லு மச்சான்.”

கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போடச் சொன்னான் கஸ்பார். யாரும் செய்யாத காரியம். கையில் பிடித்தவன் ஆபத்து வந்தால் விட்டுவிடலாம். கட்டிக்கொண்டவன் கூடவே போக வேண்டியதுதான். தொம்மை முடிச்சைப் போட்டான், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான், குதித்தான்.

அவன் அடியில் இருக்கும்போதே காற்று திரும்பியது. நங்கூரம் அறுந்து தோணி ஓட, தொம்மையின் கயிறு பாறையில் மாட்டிக்கொண்டது. கஸ்பாரைத் தோணியின் விளிம்போடு சேர்த்து அது அமுக்கியது. தோணி சாய்ந்தது. தண்ணீர் உள்ளே ஏறியது.

“முடிச்ச அவுருடா!” என்று கத்தினான் தண்டல்.

“விரல் மடங்காது தண்டல்!”

“ஒருத்தனுக்காக எல்லாரும் சாகவா? இந்தா, அறு!” கஸ்பாரின் இடது கையில் கத்தியைத் திணித்தான்.

“ஆண்டவரே, என்னால முடியல” என்றான் கஸ்பார். அவ்வளவுதான் ஜெபம். கத்தி கடலில் விழுந்தது.

தொம்மை மட்டும் என்றால் விட்டிருப்பார்கள். அவன் கண்ணுக்குத் தெரியாமல் கீழே கிடந்தான். இவனோ கண்முன்னால் கடலுக்குள் சரிந்துகொண்டிருந்தான். எப்படி விடுவது? ஒருவன் காலைப் பிடித்தான். ஒருவன் தோளைப் பிடித்தான். ஒருவன் கயிற்றைப் பிடித்தான். கடைசியில் தண்டலும் கயிற்றில் கை வைத்தான். எல்லாரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் பாறை கயிற்றை விட்டது.

தொம்மை மேலே வந்தான். முதலில் இருமினான். பிறகு தோணியில் இருந்த எல்லாரையும் திட்டினான். உயிர் இருக்கிறது என்று அதில்தான் தெரிந்தது.

கரையேறியதும் தண்டல் யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டான்: “என் கத்தி எங்கடா?”

“கடல்ல கிடக்கு.”

கேட்டுக்கொள்ளுங்கள். கஸ்பாரின் கை நல்ல கையாக இருந்திருந்தால், தனியாக இழுத்துப் பார்த்து, தோலுரிந்து, விட்டிருக்கும். தன் பலவீனத்தை ஒளிக்காமல் ஆண்டவரிடம் கொடுத்தவனுக்கு அந்தப் பலவீனமே பலம்.

தண்டல் அறுக்கச் சொன்னான். அவன் அறுக்கவில்லை.