ஹாரன் அடித்தும் ஒதுங்காதவள்

“ஹாரன் அடிச்சனுங்க மேடம். நாலு தரம் அடிச்சன். அந்தப் பொம்பளை நடுரோட்டுல நின்னுக்கிட்டு என்னையே முறைக்கறா. வண்டி இடிச்சுப்போடுச்சு. நான் என்னங்க பண்றது?”

பொங்கியண்ணன் தனியார் பேருந்து ஓட்டுநர். ஐம்பத்தோரு வயது. விபத்துக்குப் பிறகு லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, மறுபயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். பயிற்சியாளர் தமயந்தி கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ் திரும்பும். வேலையும் திரும்பும்.

தமயந்திக்கு அவரைவிடப் பதினாறு வயது குறைவு. பொங்கியண்ணனுக்குப் பாதி எரிச்சல் அதில்தான்.

“என்ன ஹாரன்?” என்று கேட்டார் தமயந்தி.

“ஏர் ஹாரனுங்க. நாலு குழல். முதலாளி ஆசையா மாட்டுனது. அடிச்சா அடுத்த ஊருக்குக் கேக்கும்.”

“அதை வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே?”

“சட்டம் ஏட்டுல இருக்குதுங்க. சனம் ரோட்டுலதான இருக்குது? பூனையாட்டம் கத்துனா எவன் ஒதுங்குவான்?”

“இதை அடிச்சா ஒதுங்கிடுவாங்களா?”

“காது இருந்தா ஒதுங்கோணும். ஒதுங்காட்டி அது அவங்க விதி. ஹாரன் அடிச்சதோட என் கடமை முடிஞ்சுதுங்க.”

தமயந்தி அவரைப் பயிற்சி மைதானத்துக்கு அழைத்துப் போனார். பறிமுதல் செய்த ஏர் ஹாரன் ஒன்றை அங்கே நின்ற பேருந்தில் மாட்டியிருந்தார்கள்.

“அந்தக் கம்பம் வரைக்கும் நடங்க. திரும்பிப் பார்க்காதீங்க. பின்னால நான் பஸ்ஸுல இருப்பேன். ஹாரன் கேட்டா இடப்பக்கம் ஒதுங்கிடுங்க. அவ்வளவுதான்.”

பொங்கியண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏனுங்க, முப்பது வருசமா பஸ் ஓட்டறவனுக்கு ஒதுங்கறதுல பரீட்சையா?”

காலரைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

இருபது அடி. நாற்பது அடி. பின்னால் எஞ்சின் உறுமியது.

பிறகு ஹாரன்.

அடிவயிற்றில் யாரோ எட்டி உதைத்த மாதிரி இருந்தது. இடப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கால் வரவில்லை. உடம்பு பாதி திரும்பியது, வாய் பிளந்தது, அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டாம் தரம் அடித்தது. மூன்றாம் தரம் அடித்தது. ஒவ்வொரு தரத்துக்கும் அவர் இன்னும் கெட்டியாக நின்றார். செத்தோம் என்றே நினைத்தார்.

சத்தம் நின்றது.

பேருந்து எங்கோ தள்ளி நின்றுகொண்டிருந்தது. புறப்பட்ட இடத்தைவிட்டு அது ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

தமயந்தி இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பாட்டிலை வாங்காமல் பொங்கியண்ணன் விழித்த கண் விழித்தபடி பேருந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விபத்து நடந்து அன்றோடு பத்தொன்பது நாள்.

“மேடம்,” என்றார். “அந்தம்மாவ எந்த ஆஸ்பத்திரியில வெச்சிருக்கறாங்க?”