காப்பிப் பழம் கடித்த தூக்கணாங்குருவி

காப்பிச் செடிகள் மண்டிக் கிடந்த ஒரு மலைக்காட்டில், ஓர் ஆண் தூக்கணாங்குருவி முள்மரம் ஒன்றில் கூடு கட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலம் நெருங்கிவிட்டது. குழந்தைகளே, தூக்கணாங்குருவிகளில் கூடு கட்டுவது ஆண்தான். பெண் குருவி வந்து அலகால் இழுத்துப் பார்க்கும். கூடு தாங்கினால்தான் அதில் முட்டையிடும். இல்லையென்றால் திரும்பிக்கூடப் பார்க்காது!

அந்த மரத்தடியில் ஒரு மரநாய் திரிந்தது. முட்டை என்றால் அதற்கு உயிர். ஆனால் கூடு தொங்கிய முள்கிளையின் நுனிக்கு அதனால் போக முடியாது. கூடே கீழே விழுந்தால்தான் உண்டு.

"என்னப்பா, இன்னும் பாதிக் கூட்டிலேயே நிற்கிறாய்? இந்தக் காப்பிப் பழத்தைக் கொட்டையோடு கடி. அப்புறம் பார் உன் சுறுசுறுப்பை!" என்றது மரநாய்.

குருவி கடித்தது. அடேயப்பா, என்ன உற்சாகம்! பாடிக்கொண்டே நார் கிழித்தது. மறுநாள் இரண்டு பழம். அதற்கு மறுநாள் நான்கு. தூக்கம் போயிற்று. நெஞ்சு தடதடத்தது. கால் நடுங்கியது. இலை அசைந்தாலும் "யாரடா அது?" என்று சீறியது. இதற்குப் பெயர்தான் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டது, அந்தப் பைத்தியக்காரக் குருவி!

மூன்றே நாளில் கூடு முடிந்தது. பெண் குருவி வந்து ஒரு நாரை இழுத்தது. முடிச்சு உருவிக்கொண்டது. பாதிக் கூடு அவிழ்ந்து தொங்கியது.

"இதிலா என் குஞ்சுகளை வளர்ப்பேன்?" என்று கேட்டது பெண் குருவி.

"குறை சொல்லத்தான் வந்தாயா? பிடிக்காவிட்டால் போ!" என்று கத்தியது ஆண் குருவி.

"உனக்கு வந்திருப்பது சுறுசுறுப்பு இல்லை, படபடப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனோடு எனக்கென்ன பேச்சு?" என்று சொல்லிவிட்டு அது பறந்துபோயிற்று.

ஆண் குருவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடுங்கும் தன் கால்களைப் பார்த்தது. பிறகு அந்தக் கூட்டைத் தானே பிய்த்துக் கீழே தள்ளியது.

"ஐயோ, மழை வருகிறதே! எட்டுப் பழம் தின்றால் நாளைக்கே கட்டிவிடலாம்" என்றது மரநாய்.

"வேண்டாம்."

"திடீரென்று நிறுத்தினால் தலை வலிக்குமே!"

"வலிக்கட்டும். மழையும் வரட்டும். என் கூட்டை என் வேகத்தில்தான் கட்டுவேன். உன் பழத்தை நீயே தின்றுகொள், போ!"

இரண்டு நாள் தலை வலித்தது. குருவி ஒரு பழத்தையும் தொடவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து, ஒவ்வொரு முடிச்சாக இறுக்கியது. கூடு பாதி முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே கட்டியது. பெண் குருவியிடம் போய், "அன்று கத்தியது என் தப்புதான். வந்து பார்" என்றது. பெண் குருவி வந்தது, நாலு பக்கமும் இழுத்தது, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம் அடித்த சூறைக்காற்றில் மரமே ஆடியது. மரநாய் கீழே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் வாய்க்குள் விழுந்தது வெறும் மழைத்தண்ணீர்தான்.

நீதி: படபடப்பைச் சுறுசுறுப்பு என்று எவன் வந்து நீட்டினாலும், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்.