ஏழு பூச்சுக்கு அடியில்

"மறுபடியும் இறங்கிடுச்சு."

தணிகாசலம் இதைச் சொன்னபோது அஞ்சுகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதி கட்டிய ஒரு வீட்டின் முன்னால், மணல் குவியல் மேல் உட்கார்ந்து, புளிச்சோறு.

அவள் மேஸ்திரி. வயது முப்பத்தாறு. அவர் மின்சார ஆபீசில் ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று.

"எது சார் இறங்கிடுச்சு?"

"வீட்டுப் பின்பக்கத் தரை. கிச்சன் வாசல்லேருந்து துவைக்கிற கல்லு வரைக்கும் கான்கிரீட்டு. நடுவுல மட்டும் ஒரு சாண் பள்ளம். போன பொங்கலுக்குத்தான் பூசினேன்."

"அதுக்கு முந்தி?"

"அப்பவும் பூசினேன்."

"அதுக்கும் முந்தி?"

அவள் இன்னொரு வாய் சோறு எடுத்தாள்.

"பூசிவிட்டா சரியாயிடும்னு வந்த கொத்தனாரு அத்தனை பேரும் சொன்னான். இனிமே ஒருத்தனையும் நம்ப மாட்டேன். நீ எனக்கே கத்துக் குடும்மா. நானே பண்றேன்."

"இந்த வயசுலயா?"

"ஆமா."

"எதுக்கு இந்த ரோஷம்?"

அவர் சொன்னார்.

இரண்டு மாதம் முன்பு அவர் மனைவி வனஜா ஈரத்துணி வாளியோடு அந்தப் பள்ளத்தில் கால் இடறி விழுந்தாள். இடுப்பு எலும்பு உடைந்து பிளேட் வைத்தார்கள். இப்போது நெய்வேலியில் தம்பி வீட்டில், வாக்கர் பிடித்து நடந்து பழகுகிறாள். இவர் தினமும் போன் செய்கிறார். அவளும் தினமும் ஒரே பதிலைச் சொல்கிறாள்.

"அந்தத் தரை சரியானா வரேன். இல்லன்னா இங்கயே இருந்துக்கறேன்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்தால்கூடத் தேவலை.

தனியாக ரசம் வைத்துச் சாப்பிடுவது களைப்பு. சாப்பிட்ட தட்டைக் கழுவுவது அதைவிடக் களைப்பு. தணிகாசலம் இரண்டு மாதமாக இந்த இரண்டையும்தான் செய்துகொண்டிருந்தார்.

அஞ்சுகம் எழுந்து கை கழுவினாள்.

"காலைல வரேன். கடப்பாரை வெச்சிருங்க."

அன்றிலிருந்து அவள் குரு, அவர் சீடர். அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேருமே சிரித்திருப்பார்கள்.

மறுநாள் வந்தவள் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. பூச்சு பூசும் கரணையைத் தலைகீழாகப் பிடித்து, மரப்பிடியால் சுவரோரத் தரையில் தட்டினாள்.

டக்.

இரண்டடி தள்ளித் தட்டினாள்.

டக்.

பள்ளத்துக்குப் பக்கத்தில் தட்டினாள். பிறகு கரணையை அவரிடம் கொடுத்தாள்.

"நீங்க தட்டுங்க."

தட்டினார்.

"என்ன சொல்லுது?"

"தரை என்னம்மா சொல்லும்?"

"அப்ப இன்னும் தட்டுங்க."

அரைமணி நேரம் தட்டினார். முட்டி வலித்தது. கற்றுக்கொடுக்கிறவர்களிடம் இதுதான் தொல்லை. ஒரு நிமிஷத்தில் சொல்லித் தொலைக்கலாம், சொல்ல மாட்டார்கள். அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவர் போட்ட டீயைக் குடித்தாள். சர்க்கரை போட மறந்திருந்தார். அதையும் அவள் சொல்லவில்லை.

கடைசியில் அவரே நிமிர்ந்தார்.

"இங்க சத்தம் வேற மாதிரி வருது. காலிப் பானையத் தட்டினாப்ல."

"அப்படின்னா?"

"உள்ள மண்ணே இல்ல. தரை சும்மா தொங்குது."

"உடைங்க."

உடைத்தார். மேல்பூச்சு பெயர்ந்தது. அதற்குக் கீழே ஒரு பூச்சு. அதற்கும் கீழே இன்னொன்று. அஞ்சுகம் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடுக்கடுக்காக இருந்தது.

"ஏழு பூச்சு சார். இது எப்ப?"

"போன பொங்கல். பையன் வெளிநாட்டுலேருந்து வந்தான்."

"இது?"

"பொண்ணு வளைகாப்பு. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தாங்க."

"இந்தச் செவப்பு?"

"ரெட் ஆக்சைடு. நான் ரிட்டயர் ஆனப்ப ஆபீஸ்ல எல்லாரும் சாப்பிட வந்தாங்க."

"யாராச்சும் வந்தாத்தான் பூசறது."

"வர்றவங்க பார்க்கறாப்ல இருக்க வேணாமா?"

"இருக்கணும் சார். அது தாங்க முடியாம உக்காருது. நீங்க ஒவ்வொரு விசேஷத்துக்கும் அது தலையில ஒரு மூட்டை ஏத்தி விடறீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. கடப்பாரையை ஓங்கினார். கடைசி அடுக்கு உடைந்ததும் கடப்பாரை கையை விட்டு நழுவி உள்ளே இறங்கியது. பிடிக்க ஒரு முழம்தான் மிச்சம் இருந்தது.

"கையை விட்டுப் பாருங்க."

படுத்துக்கொண்டு கையை விட்டார். முழங்கை வரைக்கும் போனது. அதற்குப் பிறகும் அடி தட்டுப்படவில்லை.

"ஈரமா இருக்கு."

"மோந்து பாருங்க."

மோந்தார். பாத்திரம் விளக்கும் சோப்பு. வடித்த கஞ்சி. பழைய எண்ணெய்ப் பிசுக்கு.

அஞ்சுகம் எழுந்து கிச்சனுக்குள் போனாள். சிங்கில் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள்.

அந்தத் தண்ணீர் தரைக்கு அடியில் பைப் வழியாகப் போய், காம்பவுண்டு மூலையில் இருக்கும் தொட்டியில் விழ வேண்டும். தொட்டியில் நூல் மாதிரி கொஞ்சம் விழுந்தது. மீதியெல்லாம் அவர் கண்ணெதிரே குழிக்குள் கொட்டி, மண்ணைக் கரைத்துக்கொண்டு எங்கேயோ போனது.

பைப் ஜாயின்ட் விட்டிருந்தது.

"எத்தனை வருஷமா விட்டிருக்கும்?" என்றாள், வாசலில் நின்று.

தணிகாசலம் குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வனஜா சொன்னா."

"என்ன சொன்னாங்க?"

"சிங்க்ல ஊத்தற தண்ணி பாதிதான் தொட்டிக்கு வருது, மீதி எங்க போவுதுன்னே தெரியலன்னு."

"எப்ப?"

"முதல் பூச்சுக்கு முந்தியே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் கையில் இருந்த பிசுக்கை வேட்டியில் துடைத்தார்.

"தண்ணி எங்கடி போகும், பூமிக்குத்தான் போகும்னேன். மறுபடி சொன்னா. மறுபடியும். வளைகாப்பு அன்னிக்கு எல்லாரும் சாப்பிடறப்ப, 'எங்க வீட்ல ஒருத்தி தினம் சாக்கடைத் தண்ணிக்குக் கணக்கெடுக்கறா'ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்லல."

அஞ்சுகம் தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள்.

"மேஸ்திரி உங்க வீட்லயே இருந்திருக்காங்க. என்னை எதுக்கு சார் வெயில்ல தேடி வந்தீங்க?"

பத்து நாள் வேலை. தணிகாசலம் மிச்சக் கான்கிரீட்டையும் பெயர்த்து, பழைய பைப்பைத் தோண்டி எடுத்துப் புதுசு போட்டார். அவள் கல்லில் உட்கார்ந்து வாயாலேயே வேலை வாங்கினாள். செம்மண் கிராவல் வந்து இறங்கியது. ஒரே நாளில் குழியை நிரப்பிவிட்டு, மறுநாள் பெருமையாக நின்றார்.

அவள் காலால் மிதித்துப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் எடுங்க."

"என்னம்மா விளையாடறியா?"

"எடுங்க சார். அரை அடி போடுங்க. தண்ணி விடுங்க. இடிங்க. அப்புறம் அரை அடி."

எடுத்தார். அரை அடி போட்டார். தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்தார். தூக்கும்போது தோள் கழன்றது, போடும்போது இடுப்பு கழன்றது. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். மதியம் சாப்பிடக்கூடத் தெம்பு இல்லாமல் குழி ஓரத்திலேயே தூங்கினார்.

"போதுமா?" என்று கேட்பார்.

"என்னைக் கேக்காதீங்க. தட்டிப் பாருங்க."

தட்டிப் பார்ப்பார். போதாது என்று அவருக்கே தெரியும். மறுபடி இடிப்பார்.

பத்தாம் நாள் மண் வாசல்படி மட்டத்துக்கு வந்தது. ரசமட்டம் வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

"கான்கிரீட் எப்பம்மா போடலாம்?"

"நாப்பது நாளு தெனம் தண்ணி விடுங்க. எவ்வளவு இறங்கணுமோ இறங்கட்டும். அதுவரைக்கும் மேல எதுவும் போடக் கூடாது."

"வனஜா வந்தா?"

"மண்ணுல நடக்கட்டும். பள்ளம் விழுந்தா மண்ணு மறைக்காது, அப்பவே காட்டிடும்."

அவர் தலையாட்டினார். அஞ்சுகம் கரணையைக் கழுவிப் பைக்குள் வைத்தாள். புறப்படப் போனவள் நின்றாள்.

"இதுவரைக்கும் பண்ணதெல்லாம் எடுபிடி வேலை சார். மெயின் வேலை ஒண்ணு இருக்கு."

"சொல்லு. பண்ணிடறேன்."

"வீட்டம்மா வந்ததும், 'நீ சொன்னதுதான் சரி, நான்தான் கேக்கல'ன்னு சொல்லிடுங்க. அதைச் சொல்லாம கான்கிரீட் போடாதீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இது என்னம்மா பெரிய விஷயம்? கடப்பாரையே புடிச்சிட்டேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தணிகாசலம் அன்று சாயங்காலமே போன் செய்தார். வியாழக்கிழமை வருவதாக வனஜா சொன்னாள்.

நடுவில் மூன்று நாள் இருந்தது. மண்ணுக்குத் தண்ணீர் விடும்போது, "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்லிப் பார்த்தார். பல் விளக்கும்போது சொல்லிப் பார்த்தார். சுலபமாகத்தான் வந்தது.

வியாழக்கிழமை அவள் தம்பி தயாளன் காரில் கொண்டுவந்து விட்டான். வனஜா இளைத்திருந்தாள். ஹாலில் உட்காரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றாள். வாக்கரை ஊன்றி ஊன்றி நேராகக் கிச்சனைத் தாண்டிப் பின்வாசலுக்கு வந்து நின்றாள்.

செம்மண் தரை. சமமாக, ஈரமாக இருந்தது.

வாக்கரின் முன்கால் இரண்டையும் மண்ணில் வைத்து அழுத்தினாள். அழுந்தவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். பிறகு ஒரு காலை இறக்கினாள். அப்புறம் இன்னொரு கால்.

அவள் துவைக்கிற கல்லுக்குப் போய்ச் சேரும்வரை தணிகாசலம் ஓரடி பின்னாலேயே நடந்தார்.

அவள் கல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"நீங்களேவா பண்ணீங்க?"

அவர் உள்ளங்கையைக் காட்டினார். அவள் ஒரு விரலால் கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா கடப்பாரை புடிச்சாரா! போட்டோ எடுத்து வெக்கலயா யாரும்?" என்று கிச்சனுக்குள்ளிருந்து தயாளன் சிரித்தான். சிங்கில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

மூலைத் தொட்டியில் தண்ணீர் சளசளவென்று விழுந்தது.

வனஜா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் விழுந்து முடியும்வரை பார்த்தாள்.

"எதனால இறங்குச்சாம்?" என்றாள்.

அவரைப் பார்த்துக் கேட்கவில்லை. தொட்டியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

தயாளன் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றான். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

மூன்று நாளாகச் சொல்லிப் பழகிய வார்த்தை. நாக்கு நுனியில்தான் இருந்தது.

"மண்ணு சரியில்லயாம்," என்றார் தணிகாசலம்.